"நன்றி: இணையம்" என்று போடுவதற்கு முன்னால்

புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ கட்டுரையின் அடியிலோ "படங்கள்: இணையம்", "நன்றி: கூகுள்" என்று போட்டிருப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இணையம் எந்தப் படத்தையும் எடுத்ததில்லை. கூகுள் தேடிக் கொடுத்ததோடு சரி. ஆனால் இப்படி எரிச்சல்பட எனக்கு முழுத் தகுதி கிடையாது, ஏனென்றால் நானே பல வருடம் "நன்றி: விக்கிப்பீடியா" என்று ஒற்றை வரியைப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவன்தான்.

அப்புறம் ஒரு பறவைக் கையேடு தொகுத்தேன். 40 படம், அத்தனையும் கட்டற்ற உரிமத்தில் வெளியானவை. அச்சாகி வந்தபின் ஆந்தைப் படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். படத்தை எடுத்தது நான், நீங்கள் போட்டிருக்கும் பெயர் அதை விக்கிமீடியா காமன்ஸில் (கட்டற்ற படங்களைச் சேர்த்து வைக்கும் தளம்) ஏற்றியவருடையது என்று இரண்டே வரி. கோபமாகக்கூட எழுதவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது. மீதி 39 படத்தையும் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தால், என் கணினியில் கோப்புகளின் பெயர் "படம்12", "படம்12-புதியது", "படம்12-கடைசி". எதை எங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு குறிப்பும் இல்லை. ஒரு வாரம் அதிலேயே போயிற்று. அந்த வாரத்தில் கற்றதையும் அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பத்துப் பேரோ பத்தாயிரம் பேரோ சேர்ந்து செய்த ஒன்றுக்கு எல்லார் பெயரையும் எல்லா இடத்திலும் அடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. உங்கள் பிரதியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தடம் பிடித்துப் போனால், செய்தவர்கள் வரைக்கும் போய்ச் சேர முடிய வேண்டும். நடுவில் எங்கேயும் அந்தத் தடம் அறுந்துவிடக் கூடாது. கீழே வரும் எல்லா முறைகளும் இதற்காகத்தான்.

மரியாதைக்குப் போடுவதா, கட்டாயமா?

இரண்டும்தான். கட்டற்ற உரிமம் என்றால் காசு வேண்டாம், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பதிலுக்குப் பெரும்பாலான உரிமங்கள் முதலில் கேட்பது பெயரை. அதையும் கொடுக்காவிட்டால் அனுமதியே இல்லாமல் எடுத்ததாகத்தான் ஆகும்.

மாதிரி ரயில்களைக் கணினியிலிருந்து ஓட்ட உதவும் ஜேஎம்ஆர்ஐ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, ஆர்வலர்கள் பலர் சேர்ந்து எழுதுவது. அதன் சில கோப்புகளை எடுத்த ஒரு வணிகத் தரப்பு, எழுதியவர்களின் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. வழக்கு அமெரிக்காவில் மேல்முறையீடு வரை போய், 2008இல் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பெயரைக் காப்பாற்றச் சொல்வது உரிமத்தின் நிபந்தனை, அதை மீறுகிறவர் மீது பதிப்புரிமை மீறல் என்றே வழக்குப் போடலாம். "சும்மா கொடுத்ததுதானே" என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

உரிமத்தின் பெயரோடு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்

"கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. படைப்பாளிகள் தங்கள் படைப்பைப் பகிர்வதற்கென்று ஆயத்தமாக எழுதி வைத்த அந்தக் குடும்பத்திலேயே ஆறு உரிமங்கள், சுருக்கமாக சிசி என்பார்கள். சிசி பை என்றால் பெயர் போட்டால் போதும். சிசி பை-எஸ்ஏ என்றால் பெயரும் போட வேண்டும், மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு வருபவை மற்ற நான்கு. அவற்றைக் கட்டற்ற உரிமம் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை, விக்கிமீடியா காமன்ஸும் ஏற்பதில்லை. சிசி0 என்று போட்டிருந்தால் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், பெயர் போடுவது சட்டப்படி தேவையில்லை. நான் அதற்கும் போட்டுவிடுவேன். பெயரைப் போட்டு யாரும் கெட்டுப்போனதில்லை.

பதிப்பு எண்ணும் முக்கியம். முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, 3.0 வந்தது 2007இல், இப்போது புழக்கத்தில் இருக்கும் 4.0 வந்தது 2013 நவம்பரில். 3.0 வரைக்கும் படைப்புக்கு ஆசிரியர் தலைப்பு வைத்திருந்தால் தலைப்பையும் சொல்லியாக வேண்டும். 4.0இல் தலைப்பு கட்டாயமில்லை, ஆனால் நீங்கள் மாற்றம் செய்திருந்தால் செய்திருக்கிறேன் என்று சொல்வது கட்டாயம். எழுத்துப்பிழை திருத்தியது, எழுத்தின் அளவைக் கூட்டியது போன்ற சில்லறை விஷயங்களைச் சொல்ல வேண்டாம். வெட்டியது, நிறம் மாற்றியது, சுருக்கியது, மொழிபெயர்த்தது எல்லாம் சொல்ல வேண்டும்.

எதற்கு எது தேவை என்று ஒவ்வொரு முறையும் மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க நான் ஒரே வழக்கம் வைத்திருக்கிறேன்: தலைப்பு, செய்தவர், எங்கிருந்து, என்ன உரிமம், நான் என்ன மாற்றினேன். ஐந்தும் இருந்தால் எந்த எண்ணுக்கும் ஈடு கொடுக்கும். கூடவே பதிப்புரிமைக் குறிப்பு ஏதாவது அவர்கள் போட்டிருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள், அழகாக இல்லை என்று தூக்கிவிட வேண்டாம்.

பழைய சரக்கில் இன்னொன்று கண்ணில் படும், குனு கட்டற்ற ஆவண உரிமம். மென்பொருள் கையேடுகளுக்கென்று 2000இல் எழுதியது. ஆவணத்தை மாற்றி வெளியிடுகிறவர் முதன்மை ஆசிரியர்களில் குறைந்தது ஐந்து பேரின் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் போட வேண்டும் என்கிறது (மொத்தமே ஐந்துக்குக் குறைவென்றால் எல்லாரையும்), வரலாற்றுப் பகுதியைக் காப்பாற்ற வேண்டும், உரிமத்தின் முழு வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். 300 பக்கக் கையேட்டுக்கு இது சரி. ஒரு பக்கக் கட்டுரையை அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறவர், கட்டுரையைவிட நீளமான உரிமத்தையும் சேர்த்து அச்சடிக்க வேண்டியிருந்தது. விக்கிப்பீடியா 2009இல் சிசி பை-எஸ்ஏ 3.0க்கு மாறியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். 2023இல் அது 4.0க்கு வந்தது.

விக்கிக் கட்டுரையை எழுதியது யார்?

"விக்கிப்பீடியா" என்பது பதில் கிடையாது. அது இடத்தின் பெயர். எழுதியவர்கள் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறார்கள். முதல் வரி போட்டவரிலிருந்து நேற்று ஒரு காற்புள்ளியை நகர்த்தியவர் வரை எல்லாரும் நேரத்தோடு பதிவாகி இருப்பார்கள். அங்கே போய்ப் பார்த்தால் முதலில் மலைப்பாக இருக்கும்: 600 திருத்தம், 200 பயனர் பெயர், நடுவில் கணக்கு இல்லாமல் திருத்தியவர்களின் வெறும் ஐபி முகவரிகள், பாதிக்கு மேல் தானியங்கிகள்.

நல்லவேளையாக, இந்த 200 பேரையும் நீங்கள் அச்சடிக்க வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் எழுதும்போதே ஒரு விதிக்கு ஒப்புக்கொள்கிறார்கள்: எடுத்தாள்பவர் கட்டுரைக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும், அல்லது எழுதியவர் விவரத்தோடு இருக்கும் வேறொரு நிலையான பிரதிக்கு இணைப்புக் கொடுக்கலாம், அல்லது ஆசிரியர் பட்டியலைப் போடலாம். பட்டியல் போடுகிறவர்கள் மிகச் சின்னத் திருத்தங்களை விட்டுவிடவும் அனுமதி உண்டு. நீக்கப்பட்ட கிறுக்கல்களைச் செய்தவரின் பெயரை ஆசிரியர் என்று போட்டுக் கௌரவிக்க வேண்டாம் என்று அர்த்தம்.

இணைப்புப் போதும் என்றாலும் கட்டுரையின் சாதாரண முகவரியை நான் கொடுப்பதில்லை, நிலையான தொடுப்பைக் கொடுக்கிறேன். பக்கவாட்டுக் கருவிப்பெட்டியில் அதே பெயரில் இருக்கும். நீங்கள் எடுத்த அன்று கட்டுரை எப்படி இருந்ததோ அந்த வடிவத்தை அது காட்டும். இல்லையென்றால் நீங்கள் எடுத்தாண்ட பத்தி அடுத்த மாதம் கட்டுரையிலேயே இருக்காது, வாசகர் போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் கதை விட்டதாக நினைப்பார்.

என் ஆந்தைப் பக்கத்தில் இப்போது இருக்கும் வரியின் மாதிரி இது:

"இப்பகுதி விக்கிப்பீடியாவின் 'ஆந்தை' கட்டுரையிலிருந்து எடுத்துச் சுருக்கப்பட்டது. எழுதியவர்கள்: அக்கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் உள்ள பங்களிப்பாளர்கள். எடுத்த நாள், நிலையான தொடுப்பு: (இங்கே). உரிமம்: சிசி பை-எஸ்ஏ 4.0. இந்தச் சுருக்கமும் அதே உரிமத்தில்."

கடைசி வாக்கியத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். பை-எஸ்ஏ பொருளை மாற்றி எழுதிவிட்டு "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்று போட்டால், மேலே எத்தனை பெயர் போட்டிருந்தாலும் உரிமத்தை மீறியதுதான்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, கட்டுரையின் ஒரு பகுதி வேறு ஏதாவது கட்டற்ற நூலிலிருந்து அப்படியே வந்திருக்கலாம். பக்கத்தின் அடியிலோ, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்திலோ அப்படி ஒரு குறிப்பு இருந்தால் அந்த மூலத்துக்கும் தனியாகப் பெயர் போட வேண்டும். இரண்டாவது, கட்டுரை நாளைக்கு நீக்கப்படலாம். நீக்கினால் வரலாறும் கண்ணுக்கு மறைந்துவிடும், உங்கள் இணைப்பு அனாதை ஆகிவிடும். அதனால் முக்கியமான ஒன்றை எடுக்கிறேன் என்றால் அன்றைக்கே வரலாற்றுப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிட்டு, பட்டியலை என் பக்கமும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன்.

யார் அதிகம் எழுதினார் என்று பார்க்க எக்ஸ்டூல்ஸ் மாதிரிக் கருவிகள் இருக்கின்றன, திருத்த எண்ணிக்கையையும் சேர்த்த எழுத்தின் அளவையும் வரிசைப்படுத்திக் காட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 80 திருத்தம் செய்தவர் 80 தடவை பகுப்பு மட்டும் மாற்றியிருப்பார். ஒரே திருத்தத்தில் வந்துபோன ஒருவர் கட்டுரையின் பாதியை ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

விக்கிக்குள்ளேயே ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குப் பத்தியை நகர்த்தினாலும், வேறு மொழி விக்கியிலிருந்து மொழிபெயர்த்தாலும் இதே விதிதான். "எல்லாம் நம் வீட்டுக்குள்தானே" என்று நினைப்பார்கள். புதுப் பக்கத்தின் வரலாற்றில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும், எழுதியவர்கள் பழைய பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) "இன்ன கட்டுரையின் இன்ன திருத்தத்திலிருந்து எடுத்தது, அதன் வரலாற்றைப் பார்க்கவும்" என்று இணைப்போடு ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. மறந்துபோய்ச் சேமித்துவிட்டால், சும்மா ஒரு சின்னத் திருத்தம் செய்து அதன் சுருக்கத்தில் போடலாம்.

படங்கள்: ஏற்றியவர் வேறு, எடுத்தவர் வேறு

நான் சறுக்கிய இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விக்கிமீடியா காமன்ஸில் ஒரு கோப்பைத் திறந்தால் கீழே கோப்பு வரலாறு இருக்கும், அதில் ஒரு பயனர் பெயர் இருக்கும். அவர் ஏற்றியவர். எடுத்தவர் பெயர் அதற்கு மேலே, விவரப் பெட்டியில் "ஆசிரியர்" என்ற வரியில் இருக்கும். "சொந்த வேலை" என்று போட்டிருந்தால் இருவரும் ஒருவரே. மற்றபடி வேறொரு படத்தளத்தில் யாரோ கட்டற்ற உரிமத்தில் போட்டதை இன்னொருவர் எடுத்துவந்து ஏற்றியிருப்பார். காமன்ஸில் ஆயத்தமாக ஒரு பெயர் வரியைத் தரும் பொத்தானும் உண்டு, அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விவரப் பெட்டியோடு ஒரு தடவை ஒப்பிட்டுவிடுங்கள். "என் பெயரை இப்படித்தான் போட வேண்டும்" என்று ஆசிரியரே எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை, அப்படியே போடுங்கள்.

வரைபடங்களில் இது சங்கிலியாகப் போகும். நீர்ச் சுழற்சியை விளக்கும் ஒரு படத்தைக் க என்பவர் வரைகிறார். ச அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பாக மறுபடி வரைகிறார். த அதிலுள்ள சொற்களைத் தமிழாக்குகிறார். நீங்கள் நிறத்தை மாற்றி ஓரத்தை வெட்டுகிறீர்கள். உங்கள் கைக்கு வந்த கோப்பில் த பெயர்தான் பெரிதாகத் தெரியும், ஆனால் முந்தைய மாற்றங்களின் குறிப்பையும் காப்பாற்ற வேண்டும் என்பது 4.0இன் வாசகத்திலேயே இருக்கிறது. அதனால் வரி இப்படி வரும்:

"'நீர்ச் சுழற்சி'. வரைந்தவர்: க. வெக்டர் வடிவம்: ச. தமிழ்ச் சொற்கள்: த. விக்கிமீடியா காமன்ஸ் வழியாக, சிசி பை-எஸ்ஏ 4.0. இந்தப் பிரதியில் நிறங்கள் மாற்றப்பட்டு வலது ஓரம் வெட்டப்பட்டுள்ளது."

"வழியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். காமன்ஸ் செய்தவர் கிடையாது, வழி. அந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடம் இல்லாவிட்டால்?

உரிமம் கேட்பது, ஊடகத்துக்கும் சூழலுக்கும் தகுந்த நியாயமான முறையில் பெயர் போட வேண்டும் என்பதுதான். படத்துக்கு ஒட்டினாற்போலத்தான் இருக்க வேண்டும் என்று கிடையாது. 2015இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு: ஒரு நிலப்படப் புத்தகத்தின் அட்டையில் சிசி பை-எஸ்ஏ 2.0 புகைப்படம் ஒன்றைப் போட்டு, எடுத்தவர் பெயரைப் பின்னட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எடுத்தவர் வழக்குப் போட்டார், அந்தப் பெயர் வரி போதும் என்று தீர்ப்பானது. பொடியாக இருந்தாலும் இருந்தது, அதில் பெயரும் உரிமமும் எண்ணும் இருந்தன.

அச்சுப் புத்தகத்தில் நான் செய்வது: படத்துக்குக் கீழே செய்தவர் பெயரும் உரிமமும் மட்டும், முழு விவரமும் முகவரிகளும் கடைசியில் "படங்களும் உரைகளும்" என்ற பக்கத்தில், பக்க எண் வரிசையில். தாளில் இணைப்பைச் சொடுக்க முடியாது என்பதை மறந்துவிட்டு, நீலத்தில் அடிக்கோடிட்ட "இங்கே" என்ற சொல்லை அப்படியே அச்சடித்த புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். முகவரியை முழுதாக எழுதுங்கள், நீளமென்றால் கியூஆர் குறியோடு சுருக்கமான முகவரியையும் கொடுங்கள், ஆனால் அது நீங்கள் பராமரிக்கும் பக்கத்துக்குப் போகட்டும், இலவசச் சுருக்கிகளை நம்ப வேண்டாம்.

எல்லார் பெயரையும் அச்சடித்தே தீருவேன் என்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மைக்கேல் மேண்டிபெர்க் என்ற கலைஞர் 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் அச்சுத் தொகுதிகளாக வடிவமைத்தார், 7,473 தொகுதி. அதில் பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் 36 தொகுதி. கலைக் கண்காட்சிக்குச் சரி. நமக்கெல்லாம் இணைப்புப் போதும்.

காணொளிக்கும் ஒலிக்கும் ஒரு தனித் தொல்லை. விவரப் பகுதியில் பெயர் போட்டால் சட்டப்படி பெரும்பாலும் போதும், ஆனால் யாராவது அந்தக் காணொளியை இறக்கி வேறு இடத்தில் ஏற்றியதும் விவரம் கழன்றுவிடும். அதனால் கடைசி ஐந்து நொடியில் திரையிலேயே ஒரு அட்டை போடுங்கள், படிக்கிற வேகத்தில். ஒலி நிகழ்ச்சி என்றால் வாயால் சொல்லிவிடுவதுதான் நல்லது. புகைப்படக் கோப்புக்குள்ளேயே பெயரை மேல்விவரமாக எழுதி வைக்கலாம். பகிர்வுச் செயலிகள் பல அதை உதிர்த்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நிலப்படம், நிரல், கேள்வி பதில்

ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக நிலப்படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக அளந்து சேர்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், தனித்தனிப் பெயர் யாரும் கேட்பதில்லை. நிலப்படத்தின் மூலையில் "© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று போட்டு அவர்களின் பதிப்புரிமைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். தரவு 2012 செப்டம்பரிலிருந்து ஓடிபிஎல் என்ற தனி உரிமத்தில் இருக்கிறது, பழக்கத்தில் சிசி பை-எஸ்ஏ என்று எழுதிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு, நிலப்படத்தைத் திரைப்பிடிப்பு எடுக்கும்போது மூலையை வெட்டிவிடுவது.

நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து நாலு வரி நிரலை ஒட்டாத நிரலாளர் இல்லை. அதுவும் சிசி பை-எஸ்ஏதான். எண் மட்டும் பதிலின் தேதியைப் பொறுத்தது: 2011 ஏப்ரல் 8க்கு முந்தையது 2.5, அதிலிருந்து 2018 மே 2க்கு முன்பு வரை 3.0, அதற்குப் பிறகு 4.0. நிரலுக்கு மேலே ஒரு குறிப்பு வரி, அதில் பதிலின் முகவரி, பதில் சொன்னவர் பெயர், உரிமம், நீங்கள் மாற்றியது. பத்து நொடி வேலை. ஆறு மாதம் கழித்து "இதை ஏன் இப்படி எழுதினேன்" என்று நீங்களே முழிக்கும்போது அந்த முகவரிதான் காப்பாற்றும்.

நீங்களே ஒரு குழுவாகச் செய்கிறீர்கள் என்றால்

இதுவரை எடுத்தாள்பவர் பக்கம். கொடுக்கிற பக்கத்திலும் வேலை இருக்கிறது, அதைச் செய்யாத குழுக்கள்தான் பின்னால் "எங்கள் பெயரைப் போடவில்லை" என்று வருத்தப்படுகின்றன. உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை என்றால், எடுப்பவர் கைக்கு வந்ததைப் போடுவார்.

தொடங்கும்போதே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். ஒவ்வொருவரும் என்ன பெயரில் வர விரும்புகிறார், சொந்தப் பெயரா, புனைபெயரா, பெயரே வேண்டாமா. வெளியே எடுத்தாள்பவர் ஒரே வரியில் போட வேண்டிய கூட்டுப் பெயர் என்ன, "இன்ன கையேட்டுக் குழுவினர்" என்பது மாதிரி. முழுப் பட்டியல் எந்த முகவரியில் இருக்கும், அதை யார் பார்த்துக்கொள்வார். இந்தக் கூட்டுப் பெயரும் முகவரியும் இருந்தால் எடுத்தாள்பவருக்கு ஒரு வரியில் வேலை முடியும், தடமும் அறுகாது.

ஒரு வரி என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், மென்பொருள் உலகம் இதில் சூடுபட்டிருக்கிறது. பெர்க்லியில் உருவான பிஎஸ்டி இயங்குதளத்தின் பழைய உரிமத்தில், விளம்பரத்தில்கூட "இதில் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அதன் பங்களிப்பாளர்களும் எழுதிய மென்பொருள் இருக்கிறது" என்று போடச் சொல்லும் விதி இருந்தது. அதைப் பின்பற்றியவர்கள் ஒவ்வொருவரும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். பிஎஸ்டியிலிருந்து கிளைத்த நெட்பிஎஸ்டியின் 1997 வெளியீடு ஒன்றில் இப்படி 75 வாக்கியங்களை எண்ணியதாக, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியிருக்கிறார். 1999இல் பல்கலைக்கழகம் அந்த விதியை எடுத்துவிட்டது.

உள்ளே வைக்கும் பட்டியலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நிரல் களஞ்சியம் என்றால் "ஆத்தர்ஸ்" என்ற கோப்பு, இருவர் சேர்ந்து செய்த மாற்றத்துக்குக் கமிட் செய்தியின் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) அடியில் "கோ-ஆத்தர்ட்-பை" வரி. பதிவேட்டில் வராத வேலைகளைக் கையால்தான் சேர்க்க வேண்டும்: மெய்ப்புப் பார்த்தவர், கூட்டம் நடத்தியவர், பிழை கண்டுபிடித்துச் சொன்னவர். ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று கிரெடிட் என்ற வகைப்பாடு இருக்கிறது, யோசனை, தரவு, மென்பொருள், முதல் வரைவு, திருத்தம் என்று 14 பங்குகள். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற சண்டையை அகரவரிசையும் பக்கத்தில் பங்கும் போட்டுத் தவிர்க்கலாம். சண்டை முழுதாகப் போகாது, குறையும்.

யாராவது வந்து தவறு என்று சொன்னால்

உடனே திருத்துங்கள், விளக்கம் அப்புறம். 4.0இல் நிபந்தனையை மீறினால் உரிமை போய்விடும், ஆனால் உங்களுக்குத் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் தானாகத் திரும்பக் கிடைக்கும். அதற்கு முந்தைய எண்களில் இந்தச் சலுகை இல்லை. பழைய எண்ணில் வந்த படங்களைத் தேடிப் பிடித்து, பெயர் வரியில் சின்னக் குறை இருந்தாலும் பணம் கேட்டு மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் 2.0, 3.0 என்று பார்த்தால் ஐந்து விவரமும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

சில சமயம் நேர்மாறாகவும் கேட்பார்கள்: "நீங்கள் மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள்." முடிந்த அளவு எடுத்துவிட வேண்டும், உரிமத்திலேயே அந்த உரிமை இருக்கிறது. பெயரைப் போடும்போதும் அவர் உங்கள் வெளியீட்டை ஆதரிப்பதுபோலத் தோன்றக் கூடாது. "சிறப்புப் பங்களிப்பு: இன்னார்" என்று அட்டையில் போட்டால், பாவம், அவருக்கு இப்படி ஒரு புத்தகம் வந்ததே தெரிந்திருக்காது.

இத்தனையும் எளிதாக முடிய ஒரே வழி, எடுக்கும் நிமிடத்திலேயே எழுதி வைப்பது. என்னிடம் இப்போது ஒரு விரிதாள் இருக்கிறது: கோப்பின் பெயர், தலைப்பு, செய்தவர், முகவரி, உரிமமும் எண்ணும், எடுத்த நாள், நான் மாற்றியது. கோப்பை இறக்கியதும் வரி நிரம்பாவிட்டால் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை. அச்சுக்குப் போகும் முன் தொகுப்பில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஏதாவது மூன்று படத்தைக் காட்டி, எடுத்தவரைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அவர் எங்கே முட்டி நிற்கிறாரோ அங்கே திருத்தம்.

ஆந்தைப் படத்துக்காரருக்கு இரண்டாம் பதிப்பின் பக்கத்தை அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு, ஒன்று கேட்டார்: வேற்று எழுத்திலுள்ள அவருடைய பயனர் பெயரை நான் அழகாகத் தமிழில் எழுதியிருந்தேன், "இதை வைத்துத் தேடினால் நானே எனக்குக் கிடைக்க மாட்டேனே?" சரிதான். இப்போது அவர் எழுதும் எழுத்தில், அவர் வைத்திருக்கும் கீழ்க்கோட்டோடும் எண்ணோடும் அப்படியே போட்டு, பக்கத்தில் தமிழில் போடுகிறேன்.